கடைசி ஸ்லைடில் இருக்கும் பெயர்கள்

மரபியல் துறை செமினார்களில் எனக்கு மிக அதிகம் உதவியது, பேச்சு முடிந்ததும் திரையில் வந்துபோகும் கடைசி ஸ்லைடு. "என் குழுவுக்கு நன்றி" என்று பேச்சாளர் சொல்வார். இருபது, முப்பது பெயர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குள் பாதிப் பேர் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருப்பார்கள். நானும் முதல் ஒரு வருடம் அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

இளநிலை இரண்டாம் ஆண்டில் செமினாருக்குப் போக ஆரம்பித்தேன். வருகைப்பதிவு கிடையாது, மதிப்பெண் கிடையாது. அறிவிப்புப் பலகையில் "அனைவரும் வரலாம்" என்று போட்டிருந்தது, போனேன். முதல் பேச்சு நீரிழிவு நோயின் மரபணுக் காரணங்களைப் பற்றியது. பத்தாவது நிமிடத்தில் ஒரு படம் வந்தது. கீழே குரோமோசோம்கள் வரிசையாக, அவற்றின் மேல் எண்ணவே முடியாத அளவுக்குப் புள்ளிகள். அங்கங்கே சில இடங்களில் மட்டும் புள்ளிகள் மாடிக் கட்டடங்களைப்போல் உயர்ந்து நின்றன. குறுக்கே ஒரு கோடு. கோட்டைத் தாண்டிய புள்ளிகளைக் காட்டி அவர் பேசப் பேச, முன்வரிசையில் தலைகள் ஆடின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீதி நாற்பது நிமிடமும் இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்ற எண்ணத்திலேயே போனது.

அன்று இரவு அந்தப் படத்தைத் தேடிப் படித்தேன். மன்ஹாட்டன் பிளாட் என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் மரபணுத்தொகுதியில் ஓர் இடம்; அங்கே நோயோடு தெரியும் தொடர்பு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையக் குறைய, புள்ளி மேலே போகும். குறுக்கே இருந்த கோடு அந்த வாய்ப்பு 5×10⁻⁸ என்ற அளவைக் குறிக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பள்ளிக்கூடத்து வகுத்தல்தான். மனித மரபணுத்தொகுதியில் ஒன்றையொன்று சாராத பத்து லட்சம் சோதனைகளைச் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 0.05 (நூற்றில் ஐந்து) என்ற அளவுகோலையே பயன்படுத்தினால், நோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஐம்பதாயிரம் இடங்கள் தற்செயலாகவே தேறிவிடும். அதைத் தடுக்க 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுக்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் கோடு. இரண்டு வாரம் கழித்து வேறொருவர் இதய நோயைப் பற்றிப் பேச வந்தார், அதே மாதிரிப் படத்தைக் காட்டினார். இந்த முறை என் தலையும் ஆடியது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. செமினாரில் எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் முயற்சியை விட்டுவிட்டேன். நோட்டில் மூன்றே வரி எழுதுவேன். அவர்கள் விடை தேடும் கேள்வி என்ன? எதை வைத்துச் சோதித்தார்கள், பழ ஈயா, ஈஸ்டா, எலியா, நோயாளிகளின் ரத்தமா? எனக்குப் புரியாத ஒரு சொல் எது? ஒன்றுதான், இரண்டு வேண்டாம். அதை அன்றைக்கே தேடிப் படித்துவிட வேண்டும், மறுநாள் என்று தள்ளினால் நடக்காது. ஒரு கல்வியாண்டில் முப்பது பேச்சு கேட்டால் முப்பது சொற்கள். அந்த முப்பது சொற்களோடு மூன்றாம் ஆண்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்தபோது, பாதி அத்தியாயங்களில் ஏற்கெனவே பழகிய முகங்கள் இருந்தன.

கேள்வி கேட்கும் தைரியம் வர இன்னும் நாளானது. கை தூக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். டிஎன்ஏவின் அமைப்பைச் சொன்ன கட்டுரைகள் 1953 ஏப்ரல் 25 அன்று வெளியானதை நினைவுகூர்ந்து, அந்த நாளைப் பல இடங்களில் டிஎன்ஏ தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் துறையில் அன்றைக்கு முழுநாள் நிகழ்ச்சி, தன்னார்வலர்கள் தேவை என்றார்கள். பெயர் கொடுத்தேன். கேள்வி கேட்பவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒன்று தெரிந்தது. பெரிய பேராசிரியர்கள் கேட்கும் கேள்விகள்கூட மிக எளிமையானவை. "ஒப்பீட்டுக் குழுவை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" "வேறு மக்களிடம் பார்த்தாலும் இதே முடிவு வருகிறதா?" "இந்த மரபணுவை நீக்கினால் விலங்கு உயிரோடு இருக்கிறதா?" இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும். நான் முதன்முதலில் கேட்டதும் இவற்றில் இரண்டாவதைத்தான். பேச்சாளர் ஒரு நொடி நின்று, "இல்லை, அதுதான் எங்கள் ஆய்வின் பெரிய குறை" என்று சொல்லிவிட்டு மூன்று நிமிடம் விளக்கினார். மரபணு ஆய்வுத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரிடமிருந்து வந்தது, மற்றவர்களுக்கு அதே கணிப்புகள் சரியாகப் பொருந்துவதில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த மூன்று நிமிடத்தில்.

சரி, கடைசி ஸ்லைடுக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு பேச்சு. அரிய நோய் உள்ள குழந்தைகளின் மரபணு வரிசையைப் படித்து காரணம் கண்டுபிடிக்கும் ஆய்வு. நடுவில் பேச்சாளர் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் சொன்னார்: "இங்கே நாலு சாம்பிள் இடம் மாறியிருந்தது, கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம்." அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எனக்கு அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? குழாயில் இருக்கும் நிறமற்ற திரவம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? ஒரு குழந்தையின் முடிவு இன்னொரு குழந்தையின் கோப்பில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கடைசி ஸ்லைடு வந்தது. பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் வேலையும் போட்டிருந்தார், அது எல்லோரும் செய்வதில்லை. "தரவுத் தரம்" என்று ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு நான் எழுந்து போகவில்லை. அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் பேச்சாளரிடம் போய், "அந்த நாலு சாம்பிளைக் கண்டுபிடித்தவர் இவரா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம், மூன்றாவது மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்றார்.

போனேன். வெள்ளைக் கோட்டு இல்லை, பிப்பெட் இல்லை, இரண்டு திரைகள். அந்த அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓர் அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொரு வரியும் ஒரு சாம்பிள். ஒரு பத்தியில் கோப்பில் எழுதியிருக்கும் பாலினம், அடுத்த பத்தியில் படித்த டிஎன்ஏ துண்டுகளில் ஒய் குரோமோசோமோடு பொருந்தியவற்றின் எண்ணிக்கை. "பெண்" என்று எழுதியிருந்த ஒரு வரியில் அந்த எண்ணிக்கை ஆண்களுக்கு வரும் அளவில் இருந்தது. அதற்கு இரண்டு வரி தள்ளி "ஆண்" என்று போட்டிருந்த இடத்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். அதேபோல் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடிகளும், சாம்பிள்களை ஊற்றிவைக்கும் ஒரே தட்டில் அடுத்தடுத்த குழிகள்.

"பார்க்கச் சுலபமாக இருக்கிறதே" என்றேன். சுலபமில்லை என்று அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். எக்ஸும் ஒய்யும் நுனிகளில் ஒரே மாதிரி இருக்கும், அந்தப் பகுதிகளைக் கணக்கில் சேர்த்தால் பெண்களின் சாம்பிளிலும் ஒய் இருப்பதுபோலத் தெரியும், அதனால் முதலில் அவற்றை ஒதுக்க வேண்டும். அப்புறம், எண் பொருந்தவில்லை என்றால் உடனே "மாறிவிட்டது" என்று முடிவுகட்டவும் கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தத்தில் கொடுத்தவரின் டிஎன்ஏதான் இருக்கும். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யுமாகப் பிறக்கும் ஆண்கள் உண்டு. "நான் கண்டுபிடிப்பது ஒரு கேள்வியை மட்டும்தான். விடைக்கு மருத்துவரையும் லேபையும் கேட்க வேண்டும்" என்றார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்த அறையை விட்டு வரும்போது, என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஒரு வேலை இருப்பதே அன்று காலை வரை தெரியாது.

அறிவியல் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பறையில் நமக்குத் தெரியும் மனிதர்கள் பேராசிரியர்கள் மட்டும்தான். அதனால் பிஎச்டி, போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வு வேலை), பேராசிரியர் பதவி என்று ஒரே ஏணி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கடைசி ஸ்லைடுதான் அந்தத் துறையின் உண்மையான வேலைப் பட்டியல். 2020-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக இம்மானுவேல் ஷார்பாந்தியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் கிடைத்தது. அவர்கள் இருவரும் 2011-இல் போர்ட்டோ ரிக்கோவில் ஓர் ஆய்வு மாநாட்டில் சந்தித்து, நடந்துகொண்டே பேசித்தான் கூட்டாக வேலை செய்ய முடிவெடுத்தார்கள். மறு வருடம் வந்த கட்டுரையில் இருந்ததோ ஆறு பெயர்கள். முதலிரண்டு இடங்களில் இருந்த மார்ட்டின் யினெக் ஒரு போஸ்ட்டாக், கிரிஷ்டோஃப் ஹிலின்ஸ்கி ஒரு பிஎச்டி மாணவர். மரபணுவின் எழுத்துகள் புரதமாக மாறும் விதியான மரபுக் குறியீட்டின் முதல் சொல்லைப் படிக்க உதவிய சோதனையை 1961 மே மாதம் செய்தவர் மார்ஷல் நிரன்பெர்கின் லேபில் இருந்த ஹைன்ரிஷ் மத்தாய். அந்த ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பெர்க் அதைச் சொன்னபோது கேட்க இருந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். விஷயத்தைக் கேள்விப்பட்ட, டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், பெரிய அரங்கில் மறுபடியும் பேச ஏற்பாடு செய்தார். சின்ன அறையில் நடக்கும் பேச்சு சின்னப் பேச்சு என்று நினைத்துத் தவறவிடாதீர்கள்.

மாணவர்களுக்கு இதில் என்ன இடம் என்று கேட்பவர்களுக்கு ஸ்டர்ட்டெவன்ட் கதையைச் சொல்வேன். 1911-இல் அவர் இளநிலை மாணவர், தாமஸ் மார்கனின் பழ ஈ லேபில் இருந்தார். மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது, மரபணுக்கள் சேர்ந்தோ பிரிந்தோ போகும் விகிதத்தை வைத்து அவை குரோமோசோமில் இருக்கும் வரிசையைக் கண்டுபிடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து உலகின் முதல் குரோமோசோம் வரைபடத்தைப் போட்டார். 1913-இல் அது கட்டுரையாக வந்தது.

அந்த அக்காவைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு செமினாருக்கும் ஒரு பெயர் என்று தேடிப்போக ஆரம்பித்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?" உங்கள் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் உண்மை வரும்.

மருத்துவமனை சார்ந்த பரிசோதனைக் கூடம் ஒன்றில் மரபணு மாற்றங்களை வகைப்படுத்தும் ஒருவர், நேற்று முழுக்க ஒரே ஒரு எழுத்து மாற்றத்தைப் பற்றிப் படித்ததாகச் சொன்னார். ஒரு நோயாளியின் மரபணுவில் கிடைக்கும் மாற்றத்தை ஐந்து வகையில் ஒன்றில் வைக்க வேண்டும்: நோயை உண்டாக்குவது, உண்டாக்கக்கூடியது, தெளிவில்லாதது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. நடுவில் இருக்கும் "தெளிவில்லாதது" என்பதை எழுதுவதுதான் மிகக் கஷ்டம் என்றார். படிப்பவருக்கு அது ஏமாற்றம், ஆனால் சான்று போதாதபோது வேறெதுவும் எழுதக் கூடாது. பொறுமையும், நிறையக் கட்டுரைகளைப் படிக்கும் விருப்பமும் உள்ளவர்களுக்கு இது அருமையான வேலை என்று எனக்குப் பட்டது.

மரபணு ஆலோசகர் ஒருவரோடு பேசியது இன்னும் மனதில் இருக்கிறது. அவருடைய நேற்று மூன்று குடும்பங்கள். ஒரு தம்பதிக்கு, இருவருமே ஒரே பின்னடங்கு நோயின் (பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் நோயின்) மரபணுவைச் சுமக்கிறார்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று விளக்க வேண்டியிருந்தது. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டதே, அப்படியானால் அடுத்த மூன்றும் தப்பிக்குமா?" என்று அந்தக் கணவர் கேட்டாராம். ஒவ்வொரு முறையும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது என்று தாளில் வரைந்து காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் பேசாமல் இருந்த பத்து நிமிடமும் தானும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் நேற்றைய முக்கியமான வேலை என்றார். மென்டலின் விகிதத்தை வகுப்பில் எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன், அதற்கு இப்படி ஒரு எடை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த வேலைக்குப் பல நாடுகளில் தனி முதுகலைப் படிப்பு இருக்கிறது. அறிவியலும் பிடிக்கும், மனிதர்களோடு இருப்பதும் பிடிக்கும் என்கிற யாராவது என்னிடம் வந்தால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

லேப் மேலாளர், பயிர் மேம்பாட்டில் இருப்பவர், தடயவியல் டிஎன்ஏ பரிசோதகர், காப்புரிமை வேலை செய்பவர், அறிவியல் இதழில் ஆசிரியர் என்று இன்னும் பலரைப் பார்த்தேன். எல்லோரையும் இங்கே கொண்டுவர முடியாது. இவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு கடைசி ஸ்லைடில் இருந்தவர்கள், அல்லது இருந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

இனி, தவறாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் லேபில் சேர்வதற்காகப் பதினான்கு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். "தங்கள் மதிப்புமிக்க ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும், ஒன்றரைப் பக்கம். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அந்த அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதில் எந்த வரி இந்த ஒருவருக்காக மட்டும் எழுதியது?" என்று கேட்டார். ஒரு வரியும் இல்லை. மறுபடி எழுதினேன், இந்த முறை ஆறு வரி. எந்தத் தேதியில் அவர் பேசியதைக் கேட்டேன், அதில் எந்தப் படம் எனக்குக் கேள்வியை எழுப்பியது, அந்தக் கேள்வி என்ன, எனக்கு ஆர் என்ற கணினி மொழியில் அட்டவணைகளைக் கையாளத் தெரியும், ஜூனிலிருந்து எட்டு வாரம் நேரம் இருக்கிறது, பதினைந்து நிமிடம் பேச முடியுமா? மூன்று பேருக்கு அனுப்பினேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இடமில்லை என்றார், ஆனால் என் கேள்விக்கு ஒரு பத்தி பதில் எழுதியிருந்தார். இன்னொருவர் வரச் சொன்னார்.

மாநாட்டில் ஆய்வை ஒரு பெரிய தாளில் ஒட்டிவைத்து, பக்கத்தில் நின்று விளக்குவதைப் போஸ்டர் என்பார்கள். என் முதல் போஸ்டரிலும் அதே தப்புதான். கட்டுரையை அப்படியே அச்சடித்து ஒட்டியதுபோல் இருந்தது. இரண்டு மணி நேரம் நின்றேன், நின்று படித்தவர் ஒருவர். பக்கத்துப் போஸ்டரில் பெரிய எழுத்தில் ஒரு முடிவு, ஒரே ஒரு பெரிய படம், அங்கே கூட்டம் கலையவே இல்லை. அடுத்த முறை தலைப்பிலேயே முடிவை எழுதினேன். ஒரு நிமிடத்தில் சொல்லும் கதையை முன்னாலேயே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மற்றவர்களின் போஸ்டருக்குப் போகும்போது "இதில் எது சரியாக வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். வெற்றியை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வராததைக் கேட்டால் அந்த மாணவருக்கு மூச்சு திரும்பிவிடும், உங்களுக்கும் புத்தகத்தில் இல்லாதது கிடைக்கும்.

பணத்தைப் பற்றியும் கேட்கத் தயங்காதீர்கள். மாநாடுகளில் மாணவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணம் உண்டு, பல சங்கங்கள் பயண உதவித்தொகை தருகின்றன. அதற்கான கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் அன்றைக்கே அதையும் பார்த்துவிட வேண்டும்.

பிஎச்டி செய்வதா வேண்டாமா என்று ஒரு வருடம் குழம்பினேன். கடைசியில் முதுகலை முடித்து நேராகத் தரவு வேலைக்கு வந்தேன். எனக்குப் பிடித்தது பிறருடைய கேள்விக்கான தரவைச் சுத்தமாகக் கொடுப்பது, சொந்தக் கேள்வி ஒன்றை ஐந்து வருடம் துரத்துவது அல்ல. இதைக் கண்டுபிடிக்க லேபில் இருந்த அந்த எட்டு வாரம் போதுமானதாக இருந்தது. என்னோடு அங்கே இருந்த தோழிக்கு நேர் எதிராகத் தோன்றியது, அவள் இப்போது பிஎச்டியின் நான்காம் ஆண்டில் இருக்கிறாள். எந்த ஆலோசனையும் அந்த எட்டு வாரத்துக்கு ஈடாகாது.

போன மாதம் எங்கள் குழுத் தலைவர் ஒரு செமினார் கொடுத்தார். கடைசி ஸ்லைடில் இரண்டாவது வரியில் என் பெயர். மறுநாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடமிருந்து ஆறு வரியில் மின்னஞ்சல் வந்தது. "ஒய் குரோமோசோமை வைத்து சாம்பிள் மாறியதைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பெண்களின் சாம்பிள் தங்களுக்குள் மாறியிருந்தால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்வி அவள் வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. பெற்றோரின் சாம்பிளும் இருந்தால், குழந்தை ஒவ்வொருவரிடமிருந்தும் பாதியைப் பெற்றிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். பெற்றோர் இல்லாவிட்டால், தனியாக எடுத்த இன்னொரு குழாயில் சில டஜன் இடங்களை மட்டும் படித்து இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்போம். இதை எழுதிவிட்டு, வியாழக்கிழமை வந்தால் அட்டவணையைத் திறந்தே காட்டுகிறேன் என்றும் எழுதினேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பெண் சாம்பிள்களின் பெயரை வேண்டுமென்றே மாற்றிவைத்த பயிற்சிக் கோப்பு ஒன்றை அவளுக்காகத் தயார்செய்துகொண்டிருக்கிறேன்.